கன்னியாகுமரி அஸ்தமன டைம்லாப்ஸ்: சூரியன் ஒரே நொடியில் விழுந்துவிடுகிறது, ஏன்?

விடுமுறைவாசி | டிசம்பர் 18, இரவு 9:12

அரையாண்டு விடுமுறைக்கு 26 முதல் 29 வரை கன்னியாகுமரி போகிறோம். விவேகானந்தர் பாறையும் வள்ளுவர் சிலையும் முன்னால் நிற்க, பின்னால் சூரியன் இறங்குவதை டைம்லாப்ஸாக, அதாவது நீண்ட நேரத்தைச் சில நொடியில் ஓட்டிக்காட்டும் வீடியோவாக எடுக்க வேண்டும். கையில் இருப்பது ஐபோன். முன்பு வேறொரு கடற்கரையில் 50 நிமிடம் ஓடவிட்டேன், வீடியோ 25 நொடிதான் வந்தது. அதிலும் சூரியன் கடலைத் தொட்ட மறுநொடி காணவில்லை. டைம்லாப்ஸ் என்றால் எவ்வளவு அதிக நேரம் எடுக்கிறோமோ அவ்வளவு நல்லது என்றுதானே சொல்கிறார்கள்?

தென்கரை | டிசம்பர் 18, இரவு 10:05

முதலில் திசை. பாறையும் சிலையும் கரைக்குக் கிழக்கே இருக்கின்றன. கரையில் நின்று அவற்றைப் பார்ப்பது உதயக் காட்சி. அஸ்தமனத்துக்கு அப்படியே முதுகைத் திருப்பி நிற்க வேண்டும். அவற்றின் பின்னால் சூரியன் இறங்க வேண்டுமானால் கேமரா பாறைக்கும் அப்பால் படகில் இருக்க வேண்டும். ஆடும் படகில் டைம்லாப்ஸ் நடக்காது. பாறையைக் காலைக்கு ஒதுக்கிவிட்டு மாலையில் மேற்குப் பக்கம் போங்கள்.

டிசம்பர் கடைசி வாரத்தில் அங்கே சூரியன் மறைவது திசைகாட்டியில் 246 பாகை வாக்கில், அதாவது நேர் மேற்கிலிருந்து 24 பாகை தெற்கே தள்ளி. அந்தப் பக்கம் திறந்த கடல். நேரம் மாலை 6:10 வாக்கில். ஜூன் மாதக் கடைசியில் அதே இடத்திலிருந்து பார்த்தால் 294 பாகைக்கு நகர்ந்திருக்கும், அங்கே கரை குறுக்கே வரும். கோடையில் போனவர்கள் "கடலில் மறையவே இல்லை" என்று சொல்வதற்கு இதுதான் காரணம். போன் திசைகாட்டி போதும், காந்தத் திருத்தம் (முள் காட்டும் வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் உள்ள வித்தியாசம்) அங்கே 2 பாகைக்கும் குறைவு. ஆனால் இரும்புக் கைப்பிடிச் சுவருக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் முள் எங்கேயோ காட்டும். நாலு அடி தள்ளி நின்று பாருங்கள்.

தென்கரை | டிசம்பர் 18, இரவு 10:40

அடுத்தது அந்த ஒரு நொடி.

ஐபோனின் டைம்லாப்ஸ் முறையில் இடைவெளியை நாம் வைக்க முடியாது. பதிவு நீள நீள அதுவே ஃபிரேம்களைப் பாதி பாதியாகக் கழித்துவிடும், வீடியோ 20 முதல் 40 நொடிக்குள் அடங்க வேண்டும் என்பதற்காக. 10 நிமிடத்துக்குள் நிறுத்தினால் 15 மடங்கு வேகம். 10 முதல் 20 நிமிடம் வரை 30 மடங்கு, 20 முதல் 40 வரை 60 மடங்கு, 40 முதல் 80 வரை 120 மடங்கு. உங்கள் 50 நிமிடம் 120 மடங்கில் போய் விழுந்தது, அதனால்தான் சரியாக 25 நொடி.

சூரிய வட்டத்தின் கீழ் விளிம்பு கடலைத் தொடுவதிலிருந்து மேல் விளிம்பு மறைவது வரை, டிசம்பரில் குமரியில் ஏறத்தாழ 2 நிமிடம் 20 நொடி ஆகும். வட்டத்தின் அகலம் அரைப் பாகைக்குச் சற்று மேல். நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் மணிக்கு 13.6 பாகை வேகத்தில், கிட்டத்தட்டச் செங்குத்தாக இறங்குகிறது. 140 நொடியை 120ஆல் வகுத்தால் 1.2 நொடி. போன் பழுதில்லை. அதே 140 நொடி 15 மடங்கில் 9 நொடிக்கு மேல் நிற்கும்.

ஆகவே முழு மாலையும் ஒரே பதிவு என்ற எண்ணத்தை விடுங்கள். அந்த 140 நொடியை மையமாக வைத்து மற்றதைத் திட்டமிட வேண்டும்.

தென்கரை | டிசம்பர் 19, காலை 6:50

மூன்று பதிவுகளாக எடுக்கும் முறை:

முதல் பதிவு, சூரியன் கடலுக்கு நான்கு விரல் மேலே இருக்கும்போது தொடங்கும். கையை முழுக்க நீட்டி, விரல்களைப் படுக்கையாக அடுக்கி அளந்தால் ஒரு விரல் அகலத்துக்கு அங்கே 7, 8 நிமிடம். நான்கு விரல் ஏறத்தாழ அரை மணி. சூரியனை நேராக முறைக்காதீர்கள், கையால் மறைத்தபடி அளந்தால் போதும். வட்டம் கடலுக்கு ஒரு விரலுக்கும் கீழே வந்ததும் நிறுத்துங்கள். 60 மடங்கு வேகத்தில் 25 நொடி வீடியோ வரும்.

இரண்டாவது பதிவு, மறைவதற்கு 6 நிமிடம் முன்னால் தொடங்கி, மறைந்து 2 நிமிடம் கழித்து முடியும். மொத்தம் 8 நிமிடம். 10ஐத் தாண்டக் கூடாது, அதில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருங்கள்.

மூன்றாவது பதிவு பெரும்பாலானவர்கள் விட்டுவிடுவது. வட்டம் மறைந்ததும் கூட்டம் கைதட்டிவிட்டுக் கிளம்பிவிடும். வானத்தின் நிறம் முற்றுவது அதற்குப் பிறகு 10 முதல் 20 நிமிடத்துக்குள். சூரியன் அடிவானத்துக்கு 6 பாகை கீழே போக அங்கே 22, 23 நிமிடம் ஆகும். அதுவரை ஓடவிடுங்கள். உயரத்தில் கீற்று மேகம் இருந்தால் அந்த மூன்றாவது துண்டுதான் வீடியோவின் உயிர்.

எடிட் செய்யும்போது இரண்டாவது துண்டை மட்டும் இரண்டரை மடங்கு வேகப்படுத்தினால் வட்டம் மறைய 4 நொடி வரும். பார்வைக்கு அது சரியான நீளம்.

மூன்றுக்கும் இடையில் போனைத் தொட்டால் காட்சி நகரும். செல்ஃபி ஸ்டிக்கோடு வரும் ப்ளூடூத் பட்டன் ஒன்று இருந்தால் தொடாமலே நிறுத்தித் தொடங்கலாம்.

வெள்ளோட்டம் | டிசம்பர் 19, காலை 9:20

என்னுடையது ஆண்ட்ராய்டு. இந்தக் கணக்கு அதற்கும் பொருந்துமா? சாதாரண வீடியோவாக எடுத்துவிட்டுப் பிறகு வேகப்படுத்தினால் என்ன குறை?

தென்கரை | டிசம்பர் 19, காலை 9:55

ஆண்ட்ராய்டில் பல போன்களில் வேகத்தை நாமே தேர்ந்தெடுக்கலாம். 30 மடங்கு வைத்தால் வட்டம் மறைய 4.7 நொடி, 60 வைத்தால் 2.3 நொடி. 30ஐ வைத்து முழுவதும் எடுங்கள், மேகப் பகுதியைப் பிறகு எடிட்டில் இரட்டிப்பாக்கலாம். தானியங்கி வேகம் என்று இருப்பதை அணைத்துவிடுங்கள்.

சாதாரண வீடியோ முறையில் தரத்தில் குறை இல்லை. இடம்தான் குறை. ஐபோனில் 4கே 30 ஃபிரேம் நிமிடத்துக்கு 170 எம்பி வாக்கில், அரை மணிக்கு 5 ஜிபி. அதோடு சூடு. ஐபோனுக்கு ஆப்பிள் சொல்லும் சுற்றுப்புற வெப்ப வரம்பு 35 பாகை செல்சியஸ். மேற்கு வெயில் நேராகத் திரையில் விழ, 4கே ஓடிக்கொண்டிருந்தால் திரை மங்கி, பிறகு பதிவே நின்றுவிடும். போனின் உறையைக் கழற்றுங்கள், திரை வெளிச்சத்தைக் குறையுங்கள். விமானப் பயண முறையில் போடுங்கள், நடுவில் அழைப்பு வந்தால் பதிவு கெடும். பவர் பேங்க் இணைத்தால் கேபிளை டிரைபாட் காலில் ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டுங்கள். தொங்கும் கேபிள் காற்றில் ஆடி போனையும் ஆட்டும்.

நான் செய்யச் சொல்வது கலப்பு முறை: முதலும் மூன்றும் டைம்லாப்ஸ், நடு 8 நிமிடம் மட்டும் சாதாரண வீடியோ. 1.4 ஜிபிக்குள் முடியும். அந்த 140 நொடியை எவ்வளவு வேண்டுமானாலும் நீட்டலாம், சுருக்கலாம்.

விடுமுறைவாசி | டிசம்பர் 19, பிற்பகல் 1:15

சூரியன் சின்னப் புள்ளியாகத்தான் விழுகிறது. ஜூம் செய்யலாமா?

தென்கரை | டிசம்பர் 19, பிற்பகல் 2:00

போனின் முதன்மை லென்ஸ், முழு ஃபிரேம் (பெரிய சென்சார்) கேமராவின் கணக்கில் 26 மி.மீ. அதில் 4கே வீடியோவின் 3840 பிக்சல் அகலத்தில் சூரியன் 25 பிக்சல்தான். கண் பெரிதாக உணர்வதை லென்ஸ் உணராது. தூரத்தைப் பெரிதாக்கும் தனி டெலி லென்ஸ் உள்ள போனில் 77 மி.மீ. என்றால் 75 பிக்சல் வாக்கில். அதற்கு மேல் விரலால் இழுத்துப் பெரிதாக்குவது வெறும் வெட்டல், பிசிறு மட்டும்தான் வரும்.

26 மி.மீ.யில் சூரியனை நாயகனாக்க முயலாதீர்கள். வானம் மூன்றில் இரண்டு பங்கு, கீழே கடல் ஒரு பங்கு, முன்னால் பாறையோ கட்டுமரமோ நிழலுருவாக. அது போதும்.

எக்ஸ்போஷர் (படத்தில் விழும் வெளிச்ச அளவு): சூரியனுக்குப் பக்கத்து வானத்தில் விரலை அழுத்திப் பிடித்து லாக் செய்து, சற்றுக் கீழே இழுங்கள், வட்டத்தைச் சுற்றியுள்ள மஞ்சள் வெளுத்துப்போகாத அளவுக்கு. லாக் செய்யாவிட்டால் மேகம் ஒன்று குறுக்கே வரும்போதெல்லாம் படம் பளிச்சென்று கூடிக் குறையும். மூன்றாவது பதிவில் லாக்கை எடுத்துவிடலாம். அப்போது வெளிச்சம் சீராகக் குறைவதால் தானியங்கி தடுமாறாது. லாக் போட்டே விட்டால் கால் மணியில் கறுப்புத் திரைதான்.

முட்டத்துவாசி | டிசம்பர் 19, மாலை 7:30

மூன்று நாள் இருக்கிறீர்கள், ஒரு மாலை முட்டத்துக்கு வாருங்கள். சபரிமலை சீசன், குமரியில் சங்கமத்துப் பக்கம் ஐயப்ப பக்தர் கூட்டம் தாங்காது, டிரைபாட் வைத்தால் யாராவது தட்டிவிடுவார்கள். முட்டத்தில் கலங்கரை விளக்கத்துக்குக் கீழே உயரமான பாறை, மேற்கும் தென்மேற்கும் திறந்த கடல். மணல் வேண்டுமென்றால் சொத்தவிளை, சங்குத்துறை. சொத்தவிளை நீளமான கடற்கரை, யாரும் குறுக்கே வராத இடம் கிடைக்கும். வள்ளங்கள் கரையேறியிருந்தால் முன்னணிக்கு நன்றாக இருக்கும், ஆனால் உரியவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு டிரைபாட்டை ஊன்றுங்கள். ஆறு மணிக்கு அவர்களும் வலையோடு நிற்பார்கள்.

பாறையில் ஈரமான பகுதி என்றால் அலை அங்கே வரும் என்று அர்த்தம். "இப்போது வரவில்லையே" என்று இறங்காதீர்கள்.

தென்கரை | டிசம்பர் 19, இரவு 8:10

முட்டத்துவாசி கடைசியில் சொன்னதை மேலே தூக்கி வைக்க வேண்டும். இந்தக் கரையில் காற்றே இல்லாத நாளிலும் தொலைக்கடலிலிருந்து உருண்டு வரும் பேரலை உண்டு, கள்ளக்கடல் என்பார்கள். 2024 மே மாதம் இதே மாவட்டத்தில் லெமூர் கடற்கரையில் 5 மருத்துவ மாணவர்கள் அலையில் இறந்தார்கள். அப்போதும் கள்ளக்கடல் எச்சரிக்கை இருந்தது. ஹைதராபாத்திலுள்ள இன்காய்ஸ் நிறுவனம் அலை எச்சரிக்கையை இணையத்தில் வெளியிடுகிறது. ஒரு மணி நேரம் திரையையே பார்த்துக்கொண்டு கடலைக் கவனிக்காமல் நிற்கப் போகிறவர்கள் அதை முதலில் பார்க்க வேண்டும். ஏப்ரல், மே மாதங்களில் கட்டாயம்.

தென்கரை | டிசம்பர் 20, காலை 7:15

டிரைபாட் பற்றி யாரும் கேட்கவில்லை, ஆனால் கடற்கரை டைம்லாப்ஸ் பாதி கெடுவது அங்கேதான்.

அலை தொடும் மணலில் ஊன்றினால் ஒவ்வொரு அலையும் காலடி மணலை அரித்துக்கொண்டு போகும், கால் மெல்ல இறங்கும். நேரில் தெரியாது. வேகப்படுத்திய வீடியோவில் அடிவானம் சாய்ந்துகொண்டே போவது பளிச்சென்று தெரியும். அலை எட்டிய கடைசிக் கோட்டுக்கு மேலே வைத்தாலும் காய்ந்த மணல் நம்பகமில்லை. மூன்று சிரட்டை (கொட்டாங்குச்சி) வாங்கிக்கொள்ளுங்கள். வாய் மேலே பார்க்கும்படி மணலில் அமுக்கி, ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு கால். பிறகு தலைப்பகுதியைக் கையால் கீழே அழுத்தி 5 நிமிடம் விட்டு, மட்டம் பார்த்து, அதன் பிறகு பதிவு.

நடுத் தண்டை உயர்த்தாதீர்கள். பையைத் தொங்கவிட்டு எடை கூட்டுவது நல்லதுதான், ஆனால் பை தரையைத் தொட்டபடி இருக்க வேண்டும். அந்தரத்தில் தொங்கினால் காற்றில் ஊசலாடி டிரைபாட்டையே அசைக்கும். முப்பந்தலில் ஏன் அத்தனை காற்றாலை நிற்கிறது என்று யோசித்தால் இந்தப் பக்கத்துக் காற்றின் குணம் புரியும்.

அசைவு சிறிதாக இருந்தால் எடிட்டிங்கில் ஸ்டெபிலைஸ் செய்யலாம் என்பார்கள். கடலும் மேகமும் இரண்டும் நகர்வதால் மென்பொருள் எதைப் பிடிப்பது என்று தெரியாமல் அடிவானத்தையே நெளிய வைக்கும். முன்னணியில் பாறை இருந்தால் மட்டும் ஓரளவு பலிக்கும்.

எஃப்எட்டு | டிசம்பர் 20, இரவு 9:00

கேமராவில் எடுப்பவர்களுக்கும் சொல்லுங்கள். 24 மெகாபிக்சல் டிஎஸ்எல்ஆர், 18-55ம் 55-250ம் லென்ஸ், குறித்த இடைவெளியில் தானே படமெடுக்கும் இடைவெளி எண்ணி உள்ளேயே உண்டு. ஒவ்வொரு முறையும் படம் மினுக்குகிறது.

தென்கரை | டிசம்பர் 20, இரவு 10:20

மினுக்கலுக்கு முதல் காரணம் அபர்ச்சர், அதாவது லென்ஸின் ஒளித்துளை. எஃப் எண் கூடக் கூடத் துளை சிறிதாகும். லென்ஸ் எஃப் 8க்கு மூடும்போது இதழ்கள் ஒவ்வொரு முறையும் ஒரே புள்ளியில் நிற்பதில்லை. நூற்றில் சில பங்கு வித்தியாசம் தனிப்படத்தில் தெரியாது, நொடிக்கு 25 ஓடும்போது துடிப்பாகத் தெரியும். லென்ஸை முழுக்கத் திறந்து வைத்தால் இதழ்கள் அசையவே அசையாது, மினுக்கலும் போகும். மூடித்தான் ஆக வேண்டுமென்றால், ஆழம் பார்க்கும் பட்டனை அழுத்திக்கொண்டே லென்ஸைச் சில மில்லிமீட்டர் திருகித் தொடர்பை விடுவிக்கும் பழைய தந்திரம் உண்டு. இதழ் அப்படியே நின்றுவிடும். லென்ஸ் முழுதாகப் பூட்டாமல் இருக்கும், கேமராவைத் தூக்கும் முன் திருப்பி மாட்டிவிடுங்கள். எஃப் 11ஐத் தாண்டி மூடாதீர்கள், சென்சார் தூசியெல்லாம் வெறும் வானத்தில் புள்ளி புள்ளியாக நிற்கும்.

இரண்டாவது காரணம் தானியங்கி எக்ஸ்போஷர். மூன்றாவது தானியங்கி ஒயிட் பேலன்ஸ் (நிறச் சமநிலை). அது அஸ்தமனச் சிவப்பைக் குறை என்று எண்ணித் திருத்திவிடும். பகல் வெளிச்ச அமைப்பில், 5500 கெல்வின் வாக்கில் நிறுத்திவிடுங்கள். ரா கோப்பாக (கேமரா திருத்தாத மூலக் கோப்பாக) எடுத்தால் பிறகும் மாற்றலாம்.

தொடக்க அளவு: ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளியுணர்வு) 100, எஃப் 8, ஷட்டர் 1/125 சுற்றிலும். ஃபோகஸை ஒருமுறை பாறையிலோ அடிவானத்திலோ பிடித்து மேனுவலுக்கு மாற்றுங்கள். இல்லையென்றால் இருட்டியதும் லென்ஸ் தேட ஆரம்பிக்கும்.

மறைந்த நொடியிலிருந்து 23 நிமிடத்தில் வெளிச்சம் ஏறத்தாழ 7 ஸ்டாப் குறையும், ஒரு ஸ்டாப் என்றால் பாதியாவது. மேனுவலில் சமாளிக்க நிமிடத்துக்கு ஒரு கிளிக், அதாவது மூன்றில் ஒரு ஸ்டாப். முதல் 8 நிமிடம் மெதுவாக, கடைசி 10 நிமிடம் வேகமாக. கேமராவைத் தொடாமல் போன் செயலி வழியாகச் செய்தால் அசைவு இல்லை. அது வேண்டாம் என்றால் அபர்ச்சர் முன்னுரிமையில் வைத்து, எல்ஆர்டைம்லாப்ஸ் என்ற மென்பொருளில் மினுக்கலை நீக்கலாம். அதன் இலவசப் பதிப்பு ஒரு தொடருக்கு 400 படம் வரைதான் எடுக்கும்.

தென்கரை | டிசம்பர் 21, காலை 6:30

இடைவெளிக் கணக்கு விடுபட்டது.

அகலமான காட்சிக்கு 3 நொடி. ஒரு மணி நேரத்துக்கு 1200 படம், 25 ஃபிரேமில் 48 நொடி. ரா கோப்பு 25 எம்பி என்றால் 30 ஜிபி. 64 ஜிபி அட்டை வேண்டும், பாதி நிரம்பியதை எடுத்துக்கொண்டு போகாதீர்கள். ஷட்டர் 2 நொடியைத் தாண்ட விடாதீர்கள். தாண்டினால் படம் எழுதி முடிப்பதற்குள் அடுத்த முறை வந்து, ஒரு ஃபிரேம் விட்டு ஒரு ஃபிரேம் காணாமல் போகும். 2 நொடிக்கு வந்ததும் ஐஎஸ்ஓவை ஏற்றத் தொடங்குங்கள்.

55-250 போட்டு வட்டத்தையே பிடிக்க வேண்டுமென்றால் 1 நொடி. 140 படம், 5.6 நொடி. முழு ஃபிரேம் கணக்கில் 400 மி.மீ.யில் காட்சியின் உயரம் 3.4 பாகை, சூரியன் மேலிருந்து கீழே கடக்க 15 நிமிடம். உங்கள் கேமராவின் 250, அந்தக் கணக்குக்கு 375 அல்லது 400 ஆகும். வட்டம் உயரத்தில் ஆறில் ஒரு பங்குக்கு வரும். கடலுக்கு அருகே வரும்போது ஒளி வளைந்து வட்டம் தட்டையாவது அழகாகத் தெரியும். மறையும்போது சூரியன் சற்று வலப்பக்கம் நகரும், அரை மணிக்கு ஒன்று முதல் ஒன்றரைப் பாகை. அதனால் தொடக்கத்தில் நடுவுக்கு இடப்பக்கம் வையுங்கள்.

டெலி லென்ஸில் வியூஃபைண்டர் (கண் வைத்துப் பார்க்கும் துளை) வழியாகக் கண்ணால் சூரியனைப் பார்க்கவே கூடாது. பின்திரையில் மட்டும். உயரத்தில் சூரியன் சுட்டெரிக்கும்போது கேமராவை அதை நோக்கி வைத்துவிட்டுக் காபிக்குப் போகாதீர்கள். வியூஃபைண்டரை மூடியால் அடைத்துவிடுங்கள், இருட்டியபின் பின்னாலிருக்கும் கடை விளக்கு அதன் வழியாக மீட்டரைக் குழப்பும். முன்னால் யூவி ஃபில்டர் இருந்தால் கழற்றுங்கள், சூரியனின் பொய்ப் பிம்பம் ஒன்று எதிர்மூலையில் ஏறிவரும்.

எஃப்எட்டு | டிசம்பர் 21, காலை 8:05

அலை துடிதுடிப்பாக வருகிறது. ஒளியைக் குறைக்கும் என்டி ஃபில்டர் போடலாமா?

தென்கரை | டிசம்பர் 21, காலை 8:40

என்டி 64 போட்டால் 1/125 அரை நொடியாகும், அலை பஞ்சுபோல் ஓடும். ஆனால் மறைந்த 10 நிமிடத்தில் ஷட்டர் 2 நொடியை எட்டிவிடும், மிச்சமெல்லாம் ஐஎஸ்ஓ தலையில். நடுவில் ஃபில்டரைக் கழற்றினால் கேமரா அசையும். இதை நினைத்தால் என்டி 8 நல்ல சமரசம். கடல் காட்சியில் நாலில் ஒரு பங்குதான் என்றால் ஃபில்டரே வேண்டாம், பார்ப்பவர் கண் வானத்தில்தான் இருக்கும்.

விடுமுறைவாசி | டிசம்பர் 27, இரவு 8:30

இன்று எடுத்தோம். மூன்று பதிவு முறை வேலை செய்கிறது. ஆனால் (1) முதல் பதிவு முழுக்கப் புகை மாதிரி, (2) 6:10க்குக் காத்திருந்தால் 6:02க்கே சூரியன் காணவில்லை, கடலைத் தொடவே இல்லை.

தென்கரை | டிசம்பர் 27, இரவு 9:00

புகை, ஏசி அறையிலிருந்து நேராகக் கடற்கரைக்கு வந்ததால். குளிர்ந்த லென்ஸில் ஈரக்காற்று படிகிறது. அறையை விட்டுக் கிளம்பும் அரை மணி முன்பே போனைப் பையில் போட்டு மூடி வராந்தாவில் வையுங்கள், மெதுவாக வெதுவெதுப்பாகட்டும். அப்போதும் மங்கல் இருந்தால் அது உப்பு. அலைச்சிதறல் லென்ஸில் படிந்து சூரியனைச் சுற்றி வெள்ளை வட்டமிடும். முதலில் ஊதுகுமிழால் மணலை ஊதுங்கள், பிறகு நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த மைக்ரோஃபைபர் துணி, பிறகு உலர்ந்த துணி. சட்டை நுனியால் தேய்த்தால் மணல் கீறும்.

8 நிமிடம் முந்தியது தொடுவான மேகத்தால். 8 நிமிடத்துக்கு 1.8 பாகை, ஏறத்தாழ ஒரு விரல் அகலம்தான். அந்தத் தாழ்ந்த மேகக்கரை தலைக்கு மேலே நிற்பதில்லை, தொலைவில் இருப்பது. நம் தலைக்கு மேல் வானம் நீலமாக இருந்தாலும் அது சூரியனை விழுங்கும். நாளை மாலை 4 மணிக்கு இந்திய வானிலைத் துறையின் இன்சாட் செயற்கைக்கோள் படத்தைப் பாருங்கள். அரை மணிக்கு ஒருமுறை புதிதாக வரும். குமரிக்கு மேற்கிலும் தென்மேற்கிலும் 300, 350 கி.மீ. வரை கடல் தெளிவாக இருக்கிறதா என்று பாருங்கள். 10 கி.மீ. உயரத்துக் கீற்று மேகத்துக்குக் கீழ்ப்பக்கமாகச் சிவப்பு வெளிச்சம் வரும் வழி அவ்வளவு தூரம். அந்த வழி திறந்திருந்து, மேலே கீற்று மேகமும் இருந்தால் மூன்றாவது பதிவை அரை மணி நேரத்துக்கும் கீழே குறைக்காதீர்கள்.

வழி மூடியிருந்தால் முட்டத்துக்கு அலைய வேண்டாம், இரண்டு இடத்துக்கும் அதே மேகம்தான். அன்றைக்கு மேக ஓட்டத்தை மட்டும் எடுங்கள்.

கடற்கரைச்சாலை | டிசம்பர் 28, காலை 10:10

சென்னையில் இருப்பவர்களுக்கு இதில் ஒன்றுமே இல்லையா?

தென்கரை | டிசம்பர் 28, காலை 11:00

இருக்கிறது. மெரினாவோ மாமல்லபுரமோ, சூரியன் முதுகுப்புறம் மறைந்ததும் கடல் பக்கம் கேமராவைத் திருப்பி வையுங்கள். கிழக்கு அடிவானத்தில் சாம்பல்நீலப் பட்டை ஒன்று எழும், அதன் மேல் இளஞ்சிவப்புப் பட்டை. கீழே இருப்பது பூமியின் நிழல், வளிமண்டலத்தில் விழுவது. பின்னால் சூரியன் இறங்கும் வேகத்திலேயே இது ஏறும். டிசம்பர் கடைசியில் சென்னையில் மறைவு 5:50 வாக்கில், அதிலிருந்து கால் மணி நேரம் நன்றாகத் தெரியும். தெளிந்த வானம் வேண்டும், மழை பெய்து ஓய்ந்த மறுநாள் மிக நல்லது.

இடைவெளி 2 நொடி. சூரியன் காட்சியில் இல்லாததால் எக்ஸ்போஷர் எளிது. ஒரே சிக்கல், நிறம் மிக மெல்லியது. போனின் சுருக்கிய வீடியோவில் படிப்படியான கோடுகளாக உடையும். நிறப் படிகளை நுணுக்கமாகப் பதியும் 10 பிட் வசதி இருந்தால் போடுங்கள், கேமரா என்றால் ரா.

கொழும்பிலிருந்து | டிசம்பர் 28, மாலை 4:40

காலிமுகத்திடலில எடுக்கிறதுக்கு எந்த மாதம் நல்லது? எங்கட பக்கம் கரை மேற்கைப் பார்த்துத்தான் இருக்கு.

தென்கரை | டிசம்பர் 28, மாலை 5:25

வருடம் முழுக்கக் கடலில்தான் மறையும், உங்களுக்கு அந்தக் கவலை இல்லை. டிசம்பரில் இடப்பக்கம் 246 பாகையில், ஜூனில் வலப்பக்கம் 293 பாகை வாக்கில். ஜூனில் திடலின் வடமுனையில் நின்றால் துறைமுக நகரம் குறுக்கே வரலாம், தென்முனைக்குப் போங்கள். குமரியைவிட 10 நிமிடம் முன்னதாக மறையும். பட்டம் விடும் பிள்ளைகள் மாலையில் அதிகம். 3 நொடி இடைவெளியில் பட்டங்கள் வானமெங்கும் தெறிக்கும், அதைத் தவிர்க்காமல் காட்சிக்குள் எடுத்துக்கொள்ளலாம்.

வர்க்கலைக்கும் இதே விதி. கேரளக் கரை வடமேற்காக ஓடுவதால் ஜூன் சூரியனும் கடலுக்குள்தான். செம்மண் குன்றின் மேலிருந்து எடுத்தால் இன்னொரு லாபம்: 30 மீட்டர் உயரத்தில் தொடுவானம் 20 கி.மீ. தள்ளிப் போகும், கீழே மணலில் நிற்பவரைவிட அரை நிமிடம் கழித்துத்தான் சூரியன் மறையும்.

விடுமுறைவாசி | டிசம்பர் 29, இரவு 9:45

நேற்றும் இன்றும் சுத்தமாக வந்தது, கடலைத் தொட்டது. மூன்றாவது பதிவில்தான் நிறமே. சித்ரா பௌர்ணமிக்கு மறுபடி வரலாம் என்று வீட்டில் பேச்சு. சூரியனும் நிலவும் ஒன்றாக எடுக்க முடியுமா?

தென்கரை | டிசம்பர் 29, இரவு 10:30

இரண்டு கருவி வேண்டும், ஒன்றுக்கொன்று முதுகு காட்டி. சித்திரையில் சூரியன் நேர் மேற்கிலிருந்து வடக்கே 10 முதல் 19 பாகை தள்ளி மறையும், எனவே நீங்கள் நிற்கும் இடத்திலிருந்து அந்தத் திசையில் கரை வருகிறதா என்று வரைபடத்தில் கோடு போட்டுப் பார்த்துவிட்டு இடத்தை முடிவு செய்யுங்கள். பௌர்ணமிக்கு முந்தைய நாள், அன்று, மறுநாள் மூன்றுக்கும் நிலவு உதயத்தைப் பாருங்கள். நாளுக்கு 50 நிமிடம் வாக்கில் தள்ளிப்போகும். நிலவு உதயம் அஸ்தமனத்துக்கு முந்தைய 20 நிமிடத்துக்குள் விழும் நாளை எடுங்கள். பஞ்சாங்கத் தேதி எதுவானாலும் படத்துக்கு அந்த நாள்தான் சரி. அடிவானத்தில் நிலவு மங்கலாக இருக்கும், ஏற ஏறப் பிரகாசமாகும். வானமோ இருட்டிக்கொண்டே போகும். தானியங்கியில் விட்டால் நிலவு வெள்ளைப் பொட்டாகிவிடும். உதித்துப் 10 நிமிடம் கழித்து எக்ஸ்போஷரை நிலவின் மேல் லாக் செய்யுங்கள். 15 நிமிடப் பதிவு போதும்.

முட்டத்துவாசி | டிசம்பர் 30, காலை 7:05

ஊருக்குக் கிளம்பும் முன் டிரைபாட்டைப் பாருங்கள். அப்படியே உறையில் போட்டால் அடுத்த விடுமுறைக்குக் கால் நீளாது.

தென்கரை | டிசம்பர் 30, காலை 7:40

ஆமாம், இன்றே. கால்களை முழுக்க நீட்டி, நல்ல தண்ணீரில் குளிக்கும் வாளியிலேயே அலசுங்கள். திருகுப் பூட்டு வகை என்றால் கழற்றி, உள்ளேயுள்ள பிளாஸ்டிக் வளையங்களை வரிசை மாறாமல் வைத்து மணலைக் கழுவுங்கள். நீட்டியபடியே நிழலில் காயவிட்டு, நன்றாகக் காய்ந்த பிறகு மடக்குங்கள். எண்ணெய் போட வேண்டாம், மணலைப் பிடித்து வைத்துக்கொள்ளும். போனின் சார்ஜ் துளையில் ஈரம் இருந்தால் கேபிளைச் செருகாதீர்கள், துளை கீழே பார்க்க நிறுத்தி வைத்தாலே வடியும். வீடியோக்களை இன்னொரு இடத்திலும் நகலெடுத்த பிறகு போனில் அழியுங்கள்.